குறைந்த கலப்பு எஃகில் எஞ்சிய ஆஸ்டெனைட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூர் சிப்காட்டிலும் அதைச் சுற்றியும் கியர், ஷாஃப்ட், பின், பேரிங் வளையம் முதலியவற்றை வெப்பப் பதப்படுத்தும் பட்டறைகள் பல இயங்குகின்றன. உலையருகில் நிற்பவர்களும், கிரைண்டிங் பிரிவில் இருப்பவர்களும், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பாலிடெக்னிக்குகளில் படித்துவிட்டுப் புதிதாக வேலைக்கு வருபவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சோதனை அறிக்கையில் "ஆர்.ஏ. 28 சதவீதம்" (ஆர்.ஏ. என்பது எஞ்சிய ஆஸ்டெனைட்டின் ஆங்கிலச் சுருக்கம்) என்று ஒரு வரி வந்தவுடன் அதை ஒரு நோயாகவே கருதி அலறுபவர்கள் உண்டு, அப்படி ஒரு வரி இருப்பதையே பார்க்காமல் கையெழுத்திடுபவர்களும் உண்டு. அந்த ஆஸ்டெனைட் பாகத்தின் எந்த ஆழத்தில் இருக்கிறது, எவ்வளவு உறுதியாக இருக்கிறது, பாகம் எந்த வேலைக்குப் போகிறது என்பவற்றை அறியாமல் அந்த எண்ணைக் கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது என்பதே என் நிலைப்பாடு.

எஞ்சிய ஆஸ்டெனைட் என்றால் என்ன?

இரும்பு அறை வெப்பநிலையில் ஃபெரைட் என்ற படிக அமைப்பில் இருக்கிறது. கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் நடுவிலும் ஓர் அணு வீதம் அமைந்த கட்டமைப்பு அது. சூடாக்கும்போது, மூலைகளிலும் ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் அணுக்கள் அமைந்த ஆஸ்டெனைட்டாக அது மாறுகிறது. ஆஸ்டெனைட்டில் அணுக்கள் இன்னும் நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தாலும், அவற்றுக்கு இடையிலுள்ள துளைகள் எண்ணிக்கையில் குறைந்து அளவில் பெரியவையாக இருப்பதால், கார்பன் அணுக்கள் அங்கே வசதியாகத் தங்குகின்றன. ஃபெரைட் 727 டிகிரி செல்சியஸில் சுமார் 0.02 சதவீதக் கார்பனையே ஏற்கிறது. ஆஸ்டெனைட்டோ 1147 டிகிரியில் 2 சதவீதத்துக்குச் சற்று மேலேயும் ஏற்கிறது. எஃகின் வெப்பப் பதப்படுத்தல் முழுவதும் இந்த வேறுபாட்டின் மீதுதான் நிற்கிறது.

ஆஸ்டெனைட்டை மெதுவாகக் குளிரவிட்டால் கார்பன் நகர்ந்து பிரிவதற்கு நேரம் கிடைத்து, ஃபெரைட்டும் சிமென்டைட் என்ற இரும்பு-கார்பன் சேர்மமும் அடுக்கடுக்காக அமைந்த பியர்லைட் உருவாகும். எண்ணெயில் வேகமாகக் குளிர்வித்தால் (இதைத்தான் குவென்ச் என்கிறோம்) கார்பன் நகர நேரமின்றி அகப்பட்டுக்கொள்ள, கட்டமைப்பு முழுவதும் சரிந்து மிகக் கடினமான மார்டென்சைட் ஆகிறது. அப்படி மாறாமல் அறை வெப்பநிலையிலும் அப்படியே நின்றுவிடும் பகுதியைத்தான் எஞ்சிய ஆஸ்டெனைட் என்கிறோம். ஆஸ்டெனைட் என்ற பெயர் ராபர்ட்ஸ் ஆஸ்டென் என்ற ஆங்கிலேய உலோகவியலாளரையும், மார்டென்சைட் என்ற பெயர் அடால்ஃப் மார்டென்ஸ் என்ற ஜெர்மானியரையும் நினைவுகூர்கின்றன.

வேகமாகத்தானே குளிர்விக்கிறோம், ஏன் முழுவதும் மாறுவதில்லை?

மார்டென்சைட் மாற்றம் குளிர்விக்கும் வேகத்தால் முன்னேறுவதில்லை. பியர்லைட்டையும், அதற்கும் மார்டென்சைட்டுக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் உருவாகும் பெயினைட்டையும் தவிர்ப்பதற்குத்தான் வேகம் தேவை. அவற்றைத் தாண்டி வந்தபின், எந்த வெப்பநிலை வரை இறங்கினோம் என்பதே எவ்வளவு மாறும் என்பதைத் தீர்மானிக்கிறது. மாற்றம் தொடங்கும் வெப்பநிலையை எம்.எஸ். என்றும், நடைமுறையில் முடியும் வெப்பநிலையை எம்.எஃப். என்றும் குறிக்கிறோம். எம்.எஃப். அறை வெப்பநிலைக்குக் கீழே போய்விட்டால் ஆஸ்டெனைட் எஞ்சியே தீரும்.

எம்.எஸ். மதிப்பைக் கணக்கிட 1965-இல் ஆண்ட்ரூஸ் தந்த வாய்பாடு இன்றும் பயன்படுகிறது. 539-இல் தொடங்கி, எஃகிலுள்ள ஒவ்வொரு சதவீதக் கார்பனுக்கும் 423, மாங்கனீசுக்கு 30.4, நிக்கலுக்கு 17.7, குரோமியத்துக்கு 12.1, மாலிப்டினத்துக்கு 7.5 என்று கழித்துக்கொண்டே வரவேண்டும். கார்பனின் எண் மற்ற எல்லாவற்றையும்விட எவ்வளவு பெரியது என்பதைக் கவனியுங்கள். எவ்வளவு எஞ்சும் என்பதற்கு 1959-இல் கோய்ஸ்டினென், மார்பர்கர் இருவரும் தந்த உறவு இருக்கிறது: எம்.எஸ்.ஸிலிருந்து எத்தனை டிகிரி கீழே இறங்கினோமோ அதை 0.011-ஆல் பெருக்கி, வரும் எண்ணை எதிர்க்குறியுடன் இயல் மடக்கை அடிமானமான 2.718-இன் அடுக்காக வைத்தால், எஞ்சும் பங்கு கிடைக்கும்.

நம் பகுதிக் கியர் பட்டறைகளில் நன்கு அறிமுகமான 20 எம்என்சிஆர் 5 எஃகை எடுத்துக்கொள்வோம். கார்பன் 0.2, மாங்கனீசு 1.2, குரோமியம் 1.1 சதவீதம் என்றால் அதன் உள்ளகத்தின் எம்.எஸ். ஏறத்தாழ 405 டிகிரி. 25 டிகிரிக்குக் குளிர்ந்ததும் அங்கே எஞ்சுவது ஒன்றரை சதவீதம்தான். அதே பாகத்தின் மேற்தோலில் கார்புரைசிங் மூலம், அதாவது கார்பன் நிறைந்த உலை வாயுவில் சூடாக்கி, கார்பனை 0.8 சதவீதத்துக்கு ஏற்றினால் எம்.எஸ். 151 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. எஞ்சுவது சுமார் 25 சதவீதம். கார்பன் 0.9 ஆனால் எம்.எஸ். 109, எஞ்சுவது 40 சதவீதம். இந்த வாய்பாடு அடிப்படையில் நடுத்தரக் கார்பன் வரையிலான எஃகுகளுக்கானது என்பதால் மேற்தோலுக்கு வரும் எண்களைத் தோராயமாகவே கொள்ளவேண்டும். ஆனாலும் 0.1 சதவீதக் கார்பன் எவ்வளவு பெரிய மாற்றத்தைத் தருகிறது என்பதை அவை சரியாகவே காட்டுகின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. ஆஸ்டெனைட் மார்டென்சைட்டாக மாறும்போது கன அளவு சுமார் 4 சதவீதம் பெருகுகிறது. முதலில் மாறிய பகுதிகள் விரிந்து, இடையில் மாட்டிக்கொண்ட சிறு ஆஸ்டெனைட் துண்டுகளை நாலாபுறமும் நெருக்குகின்றன. விரிய இடமில்லாத துண்டு மாறுவதும் கடினமாகிறது.

ஒரே எஃகு, ஒரே உலை, ஒரே நிரல். மார்கழியில் ஒரு மதிப்பும் சித்திரையில் வேறு மதிப்பும் வருவது ஏன்?

என்னிடம் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. கேட்டவர் உலை இயக்கும் ஒரு தம்பி. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து அவரே இந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்திருந்தார்.

"அறை வெப்பநிலை" என்று புத்தகத்தில் படிக்கும்போது அது மாறாத ஓர் எண் போலத் தோன்றுகிறது. ஓசூரின் மார்கழி அதிகாலையில் பட்டறைக்குள் 15 டிகிரியை ஒட்டி இருக்கும். சித்திரை நண்பகலில் 35 டிகிரியைத் தொடும். மேலே சொன்ன 0.8 சதவீதக் கார்பன் மேற்தோலுக்குக் கணக்கிட்டால், 15 டிகிரி வரை குளிர்ந்த பாகத்தில் 22 சதவீதமும் 35 டிகிரியில் நின்ற பாகத்தில் 28 சதவீதமும் எஞ்சும். பாகத்தின் வடிவமைப்பு வரைபடத்தில் வரம்பு 25 என்று எழுதியிருந்தால், எந்தத் தவறும் செய்யாத அதே பட்டறை மார்கழியில் தேறி, சித்திரையில் தோற்கும். தருமபுரிச் சமவெளியில் வெயில் இன்னும் கடுமை என்பதால் அங்குள்ளவர்கள் இதைக் கூடுதலாகவே கவனிக்கவேண்டும்.

இதைவிடப் பெரிய பங்கு எண்ணெயின் வெப்பநிலைக்கு உண்டு. 60 டிகிரி எண்ணெயிலிருந்து எடுத்த தட்டை, உற்பத்தி அவசரத்தில் அப்படியே டெம்பர் உலைக்குள் (நொறுங்கும் தன்மையைக் குறைக்கப் பாகத்தை மிதமாக மறுபடி சூடாக்கும் உலை) தள்ளினால், கணக்குப்படி 37 சதவீத ஆஸ்டெனைட் எஞ்சிய நிலையிலேயே டெம்பரிங் நடக்கிறது. அந்தச் சூட்டில் அது இன்னும் உறுதிப்பட்டு, பிறகு குளிர்ந்தாலும் எளிதில் மாறாது. எண்ணெயிலிருந்து வெளியே வந்த பாகங்களைக் கழுவி, தட்டின் நடுவிலிருக்கும் பாகமும் அறை வெப்பநிலைக்கு வந்துவிட்டதை உறுதிசெய்த பிறகே டெம்பர் உலைக்கு அனுப்பவேண்டும். ஓரத்திலிருக்கும் பாகத்தைத் தொட்டுப் பார்த்து முடிவுசெய்வது போதாது. அடர்த்தியாக அடுக்கிய தட்டின் நடுவில் சூடு நெடுநேரம் தங்கும்.

கடினத்தன்மை குறைவாக வந்ததால் அடுத்த முறை வெப்பநிலையை உயர்த்திக் குவென்ச் செய்தோம். இன்னும் குறைந்துவிட்டது. எப்படி?

சூடு போதவில்லை என்று நினைப்பது இயல்பே. ஆனால் அதிகக் கார்பன் உள்ள மேற்தோலிலும், இ.என். 31 போன்ற ஒரு சதவீதக் கார்பன், ஒன்றரை சதவீதக் குரோமியம் கொண்ட பேரிங் எஃகிலும் இந்தப் பரிகாரம் எதிர்விளைவையே தரும். இ.என். 31-ஐ 840 டிகிரியை ஒட்டிச் சூடாக்கும்போது கார்பனின் ஒரு பகுதி மட்டுமே ஆஸ்டெனைட்டில் கரைந்திருக்கும். மிச்சம் சிறு கார்பைடு உருண்டைகளாக நிற்கும். வெப்பநிலையை உயர்த்தினால் அந்த உருண்டைகளும் கரைந்து ஆஸ்டெனைட்டின் கார்பன் கூடும், எம்.எஸ். இறங்கும், எஞ்சிய ஆஸ்டெனைட் பெருகும். ஆஸ்டெனைட் மென்மையானது என்பதால் கடினத்தன்மையைக் காட்டும் ராக்வெல் வாசிப்பு இறங்குகிறது.

ஆகவே, கடினத்தன்மை குறைந்ததும் உலையைத் தொடுவதற்கு முன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். மேற்பரப்பில் கார்பன் எரிந்து போயிருக்கலாம், குவென்ச் மந்தமாக நடந்து பெயினைட் கலந்திருக்கலாம், அல்லது ஆஸ்டெனைட் அதிகமாக எஞ்சியிருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. ஒரு மாதிரியை வெட்டி, கடினத்தன்மையை அளந்து, உலர்பனியிலோ திரவ நைட்ரஜனிலோ குளிரவைத்து, அறை வெப்பநிலைக்குத் திரும்பியதும் மறுபடி அளங்கள். ராக்வெல் சி அளவில் இரண்டு மூன்று புள்ளிகள் ஏறினால் காரணம் எஞ்சிய ஆஸ்டெனைட். ஏறவே இல்லையென்றால் வேறு இடத்தில் தேடவேண்டும். குவென்ச் செய்து நாளாகாத மாதிரியில் இந்தச் சோதனை தெளிவாகப் பேசும்.

மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி நுண்கடினத்தன்மையை வரிசையாக அளந்தாலும் ஒரு குறிப்புக் கிடைக்கும். மேற்பரப்பில் சற்றுத் தாழ்ந்து, 0.1 அல்லது 0.2 மில்லிமீட்டர் ஆழத்தில் உச்சம் தொட்டு, பிறகு படிப்படியாக இறங்கும் வளைவு, கார்பன் மிகையாகிவிட்ட மேற்தோலில் வழக்கமாகக் காணப்படுவது. கார்பன் எரிந்து போனாலும் இதே வடிவம் வரும் என்பதால் நுண்ணோக்கியிலும் பார்த்துவிடுவது நல்லது.

அது இருப்பது கெடுதலா?

எங்கே என்பதைப் பொறுத்தது. மைக்ரான் கணக்கில் அளவு மாறக்கூடாத கேஜ், அளவீட்டுப் பின், துல்லியச் சுழற்தண்டு ஆகியவற்றில் கெடுதல்தான். குறைந்த அளவிலேயே வைக்கவேண்டும். கியர் பல்லில் விடை அவ்வளவு நேரானதல்ல. மிகையாக இருந்தால் மேற்தோல் மென்மையாகித் தேய்மானம் கூடும். நெடுங்காலம் மீண்டும் மீண்டும் வளையும் பல்லின் அடிப்பகுதியில் சோர்வு வலிமை குறையும். ஆனால் குறைந்த சுற்றுகளில் பெரிய சுமை விழும் வேலையிலும், மண்ணும் உலோகத் துகளும் கலந்த எண்ணெயில் உருளும் பேரிங்கிலும் ஓரளவு ஆஸ்டெனைட் நன்மையே செய்கிறது. துகள் அழுத்திய குழியின் விளிம்பில் அது மெல்ல நெகிழ்ந்து கொடுக்கிறது. அழுத்தத்தில் அங்கேயே மார்டென்சைட்டாக மாறி, விரிந்து, அமுக்கத் தகைவைக் கூட்டி, விரிசல் திறப்பதைத் தாமதப்படுத்துகிறது. டிராக்டர், டிப்பர் லாரி போன்று புழுதியில் உழைக்கும் வண்டிகளின் பேரிங்குகளுக்கு 20 சதவீதத்துக்கு மேல் ஆஸ்டெனைட் வேண்டுமென்றே வைக்கப்படுவதுண்டு.

எனவே ஆர்.ஏ. பூச்சியமாக இருக்கவேண்டும் என்று கார்புரைஸ் செய்த கியருக்கு எழுதும் வரைபடத்தை நான் ஏற்பதில்லை. வடிவமைப்பாளரிடம் தொலைபேசியில் பேசி, பாகம் எப்படித் தோற்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது பட்டறையின் கடமை என்றே கருதுகிறேன்.

எப்படி அளப்பது? நுண்ணோக்கி போதாதா?

நைட்டால் அமிலத்தில் அரித்த மாதிரியை நுண்ணோக்கியில் பார்த்தால், கருத்த மார்டென்சைட் ஊசிகளுக்கு இடையே வெளிறிய பகுதிகளாக ஆஸ்டெனைட் தெரியும். ஆனால் 10, 15 சதவீதத்துக்குக் கீழே கண் அதை நம்பகமாகப் பிரித்தறிவதில்லை. ஒப்பீட்டுப் படத்தை வைத்து இருவர் சொல்லும் மதிப்புகளுக்கு இடையே பெரிய வேறுபாடு வருவதையும் பார்த்திருக்கிறேன். நம்பத்தக்க முறை எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு. இரு படிக அமைப்புகளும் கதிர்களை வெவ்வேறு கோணங்களில் சிதறடிப்பதால், உச்சங்களின் பரப்பளவுகளை ஒப்பிட்டுப் பங்கைக் கணக்கிடலாம். 1 சதவீதம் வரைகூட அதனால் அறியமுடியும். அதன் செய்முறை ஏ.எஸ்.டி.எம். இ 975 தரநிலையில் இருக்கிறது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: எக்ஸ் கதிர் எஃகுக்குள் சில மைக்ரான் ஆழமே செல்லும். மாதிரியை அரைத்துத் தேய்த்துத் தயாரிக்கும்போது அந்த மெல்லிய அடுக்கிலிருந்த ஆஸ்டெனைட் அழுத்தத்தால் மார்டென்சைட்டாகிவிட்டால், கருவி குறைவான மதிப்பைத்தான் காட்டும். கடைசி அடுக்கை மின்வேதி முறையில் கரைத்து நீக்கிய பிறகு அளந்ததா, எந்த ஆழத்தில் அளந்தது என்ற இரண்டையும் சோதனைக்கூடத்திடம் கேட்டு வாங்குங்கள். மேற்பரப்பு மதிப்பும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்து மதிப்பும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை.

சப்ஜீரோ செய்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

சப்ஜீரோ என்பது பாகத்தைப் பூச்சியம் டிகிரிக்கும் வெகு கீழே குளிர்விப்பது. அதனால் ஆஸ்டெனைட் பெருமளவு குறையும், எல்லாம் சரியாகாது. நம் 0.8 சதவீதக் கார்பன் மேற்தோலை மைனஸ் 75 டிகிரிக்குக் கொண்டுபோனால் கணக்குப்படி 8 சதவீதமும், திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரியில் 2 சதவீதமும் எஞ்சும். குவென்ச் முடிந்து அறை வெப்பநிலைக்கு வந்தவுடன் தாமதமின்றிச் செய்தால்தான் இந்த அளவை நெருங்கலாம். மணிக்கணக்கில் கிடத்தி வைத்தால் கார்பன் அணுக்கள் இடம்பெயர்ந்து ஆஸ்டெனைட்டை உறுதியாக்கிவிடுகின்றன. சனிக்கிழமை மாலை குவென்ச் செய்து, திங்கள்கிழமை உறைய வைத்துவிட்டு, மதிப்பு இறங்கவில்லை என்று வருந்துவதில் பயனில்லை.

அவசரத்துக்கும் விலை உண்டு. டெம்பர் ஆகாத மார்டென்சைட் நொறுங்கக்கூடியது. குளிரில் புதிதாகப் பிறக்கும் மார்டென்சைட் விரியும்போது கூர்மூலை, சாவிக்காடி, எண்ணெய்த் துளை உள்ள பாகங்கள் விரிசல் விடலாம். அதனால் அத்தகைய பாகங்களுக்கு முதலில் 100 டிகிரியை ஒட்டிச் சிறிய டெம்பர் கொடுத்துவிட்டு உறைய வைக்கிறார்கள். ஆஸ்டெனைட் கொஞ்சம் கூடுதலாக எஞ்சும், ஆனால் பாகம் தப்பும். எப்படிச் செய்தாலும், உறையவைத்த பின் ஒரு முழு டெம்பர் கட்டாயம். அதை விட்டுவிட்ட பாகங்கள் கிரைண்டிங் சக்கரத்தின் கீழ் விரிசல் விட்டதை நேரில் பார்த்திருக்கிறேன்.

அடிப்படையில், கார்புரைஸ் செய்யும் கியருக்கு மாதந்தோறும் சப்ஜீரோ தேவைப்படுகிறதென்றால் அங்கே கார்பன் பொட்டன்ஷியல் (உலை வாயு எஃகின் மேற்பரப்பில் ஏற்றக்கூடிய கார்பன் சதவீதம்) மிகையாக ஓடுகிறது என்பதே என் முதல் சந்தேகம். கடைசிக் கட்டத்தில் பொட்டன்ஷியலை 0.75, 0.8 அளவுக்கு இறக்கி, குவென்ச்சுக்கு முன் வெப்பநிலையையும் 830, 840 டிகிரிக்குக் குறைத்தால் பெரும்பாலான தொல்லை அங்கேயே தீரும். கார்பனோடு நைட்ரஜனையும் மேற்தோலில் ஏற்றும் கார்போநைட்ரைடிங் செய்பவர்கள், நைட்ரஜன் தரும் அம்மோனியாவின் அளவையும் பார்க்கவேண்டும். நைட்ரஜனும் கார்பனைப் போலவே ஆஸ்டெனைட்டை உறுதியாக்கும்.

டெம்பரிங்கில் அது போகாதா?

குறைந்த கலப்பு எஃகுகளில் 200 முதல் 300 டிகிரிக்குள் எஞ்சிய ஆஸ்டெனைட் ஃபெரைட்டாகவும் கார்பைடாகவும் சிதைகிறது. கியர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் 150 முதல் 180 டிகிரி டெம்பர் அதற்குப் போதாது. 250-க்கு மேலே போனால் ஆஸ்டெனைட்டோடு மேற்தோலின் கடினத்தன்மையும் போய்விடும்.

கேஜ் அலமாரியிலேயே இருந்தும் அளவு மாறியது ஏன்?

ஆஸ்டெனைட் அறை வெப்பநிலையில் நிலையற்றது. சந்தர்ப்பம் கிடைத்தால் மாறும். 100 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு சதவீத ஆஸ்டெனைட் மார்டென்சைட்டானால் நீளம் 10 மைக்ரானுக்குச் சற்று மேல் வளரும். பல ஆண்டுகளுக்கு முன், இ.என். 31-இல் செய்த ஒரு பிளக் கேஜ் (துளையின் அளவைச் சரிபார்க்கும் உருளை) வழங்கியபோது சரியாக இருந்து, சில மாதங்களில் பெரிதாகித் திரும்பி வந்தது. அளந்தவர் மீது பழி போட்டு இரண்டு வாரம் வீணாக்கினோம். உண்மையில் குவென்ச்சுக்குப் பின் போதுமான குளிர்விப்பும் இரண்டாம் டெம்பரும் கொடுக்கப்படவில்லை. கேஜ்களுக்குச் சப்ஜீரோவையும் டெம்பரையும் ஒன்றுவிட்டு ஒன்றாகத் திரும்பச் செய்வது வீண்செலவல்ல.

வேண்டுமென்றே ஆஸ்டெனைட்டை எஞ்ச வைக்கும் எஃகு உண்டா?

உண்டு. கார் உடல்களுக்கான டிரிப் எஃகுத் தகடுகள் (உருமாற்றத்தால் நெகிழ்வு கூடும் எஃகு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) அப்படிப்பட்டவை. கார்பன் 0.2 சதவீதம், மாங்கனீசும் சிலிக்கானும் ஒன்றரை சதவீதம் வீதம் என்ற எளிய கலவைதான். தகட்டைப் பாதி ஃபெரைட்டும் பாதி ஆஸ்டெனைட்டுமாக இருக்கும் வெப்பநிலையில் பிடித்து, 400 டிகிரியை ஒட்டிக் குளிர்வித்துச் சில நிமிடங்கள் வைத்திருக்கிறார்கள். அப்போது பெயினைட் வளர்கிறது. சாதாரணமாகப் பெயினைட்டோடு சிமென்டைட்டும் பிறந்து கார்பனை விழுங்கிவிடும். சிலிக்கான் அதைத் தடுப்பதால், வெளித்தள்ளப்பட்ட கார்பன் மிச்சமுள்ள ஆஸ்டெனைட்டில் ஒரு சதவீதத்துக்கும் மேலாகச் சேர்கிறது. அதன் எம்.எஸ். அறை வெப்பநிலைக்குக் கீழே போய்விட, 5 முதல் 15 சதவீதம் வரை ஆஸ்டெனைட் நிலைத்து நிற்கிறது. மோதலில் தகடு இழுபடும்போது எங்கே மெலியத் தொடங்குகிறதோ அங்கே அது மார்டென்சைட்டாகி அந்த இடத்தை வலுப்படுத்த, நீட்சி அக்கம்பக்கத்துக்குப் பரவுகிறது. 2003-இல் ஸ்பீர் குழுவினர் முன்வைத்த முறை இதன் அடுத்த படி: எம்.எஸ்.ஸுக்கும் எம்.எஃப்.புக்கும் இடையில் குளிர்விப்பை நிறுத்தி, சற்றே சூடாக்கி, மார்டென்சைட்டில் அகப்பட்ட கார்பனை ஆஸ்டெனைட்டுக்கு நகர்த்துகிறார்கள். கியர் மேற்தோலில் நாம் தொல்லை என்று காணும் அதே விதி இங்கே பயனாகிறது.

நம் ஜல்லி கிரஷர்களின் தாடைத் தகடும் ஆஸ்டெனைட்தானே?

ஆம், ஆனால் அது வேறு குடும்பம். 1882-இல் ஹாட்ஃபீல்ட் கண்டறிந்த, சுமார் 12 சதவீத மாங்கனீசு கொண்ட உயர் கலப்பு எஃகு அது. முழுவதும் ஆஸ்டெனைட்டாகவே இருக்கும்படி தண்ணீரில் குளிர்விக்கப்படுகிறது. கிருஷ்ணகிரிக் கருங்கல் மோத மோத அதன் மேற்பரப்பு இறுகுகிறது. இந்தப் பக்கத்தின் கணக்குகளை அதற்குப் பயன்படுத்தக்கூடாது.

வேலைச் சீட்டில் என்னென்ன எழுதவேண்டும்?

ஒவ்வொரு தட்டுக்கும் கடைசிக் கட்டத்துக் கார்பன் பொட்டன்ஷியல், குவென்ச்சுக்கு முன் பாகத்தின் வெப்பநிலை, எண்ணெயின் வெப்பநிலை, டெம்பர் உலைக்குள் போகும்போது தட்டின் நடுப் பாகத்தின் வெப்பநிலை, குவென்ச்சுக்கும் டெம்பருக்கும் இடைப்பட்ட நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். பெரும்பாலான சீட்டுகளில் முதல் மூன்றும் இருக்கும், நான்காவது இருக்காது. பட்டறைக்குள் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, அன்றைய அறை வெப்பநிலையையும் அந்த வரியிலேயே சேர்த்து எழுதிவிடுங்கள்.